வெளியே நின்ற கதவுக்காரர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க மாடி மாடியாக லிஃப்ட்டைப் பழுது பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் விண்வெளிக் கப்பல் ஓட்டுவார். கப்பலின் பெயர் ‘நெடும்பயணி’. எங்கள் பெண் பிறப்பதற்கு முன்பே ஒரு மாத இதழில் கிளம்பிய கப்பல் அது. பெண் வளர்ந்தாள், படித்தாள், வேலை கிடைத்து வேறு ஊருக்கே போய்விட்டாள். கப்பல் இன்னும் போய்ச் சேரவில்லை.

“எப்பதாங்க போய்ச் சேரும்?” என்று கேட்டால், “சேர்ந்துட்டா அடுத்த மாசம் ஆசிரியரம்மா எதை அச்சடிப்பாங்க?” என்பார். அந்த அம்மாவுக்காகத்தான் இத்தனை பேரையும் ஆகாயத்தில் அலைய விட்டிருக்கிறார் போலும்.

கப்பல் என்று சொல்வதெல்லாம் பேருக்குத்தான். படித்துப் பார்த்தால் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தைப் பெயர்த்து ஆகாயத்தில் விட்டது மாதிரி இருக்கும். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு லிஃப்ட். மற்ற எழுத்தாளர்களின் கப்பல்களில் நட்சத்திரங்களுக்கு நடுவே சண்டை நடக்கும். இவர் கப்பலில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோகும், உள்ளே மாட்டிக்கொண்ட மாமியாரும் மருமகளும் வேறு வழியில்லாமல் பேச ஆரம்பிப்பார்கள். வாசகர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மனிதருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். கூட வேலை செய்கிறவர்கள் இவருக்கு ‘ராக்கெட்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். இவர் நடக்கிற வேகத்தைப் பார்த்தால் அந்தப் பேர் எவ்வளவு பெரிய கேலி என்று புரியும். எந்தக் கட்டடத்துக்கு விருந்தாளியாகப் போனாலும் முதலில் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்பார். வீட்டு ஆட்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் பக்கத்தில் நின்று அசடு வழிவேன்.

கப்பலில் எல்லோருக்கும் பிடித்த ஆள் கதவுக்காரர். வெளிக்கதவுகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அகன்ற தோள், பெரிய குரல், வாயைத் திறந்தால் ஒன்று கேலி, இல்லாவிட்டால் புலம்பல். கேப்டனையே, “தம்பி, ஓரமா நில்லு, கதவு வருது” என்று சொல்லக்கூடியவர். அந்தக் கதவுக்காரர் வேறு யாருமில்லை, என் அண்ணன்தான்.

அண்ணனும் லிஃப்ட் மெக்கானிக். இவரும் அண்ணனும் ஒரே ஜோடி. ஒருவர் கூண்டின் கூரை மேல் நின்று வேலை செய்தால், இன்னொருவர் அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குவார். ஒரு நாள் அண்ணன், “கூட வேலை செய்யற பையன், டீ குடிச்சிட்டுப் போகட்டும்” என்று இவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். டீ குடிக்க வந்த ஆள் இன்னும் எழுந்து போகவில்லை.

கதை பிறப்பதே அந்த லிஃப்ட் ஓடும் இருட்டுப் பாதையில்தான். மேலே இருந்து இவர், “மச்சான், கப்பல்ல தண்ணி தீர்ந்துபோச்சு!” என்று கத்துவார். கீழே குழியிலிருந்து அண்ணன், “எந்தக் கழுதை குழாயைத் திறந்து விட்டுச்சு? முதல்ல அதைச் சொல்லு!” என்று கத்துவார். அண்ணன் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் கிடைத்தால் அந்தக் கதை தேறியது என்று அர்த்தம். கிடைக்காவிட்டால் அந்த வாரம் கப்பல் நகராது. கட்டடத்துக்காரர்கள் இவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்ததும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இவர் சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொல்லுவார், நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தட்டச்சு செய்வேன். என் விமர்சனம் இலவசம்.

இவர்கள் தொழிலில் ஒரு சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. உள்ளே இறங்குகிறவர் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைத் தொங்கவிட வேண்டும். சாவி அவர் கழுத்தில் இருக்கும். பூட்டுத் தொங்குகிற வரைக்கும் சுவிட்சை யாரும் அசைக்க முடியாது. அந்தப் பூட்டை இன்ஜினியர் வந்தாலும் சரி, கட்டடத்து முதலாளியே வந்தாலும் சரி, வேறு யாரும் திறக்கக் கூடாது. வேலை முடிந்து வெளியே வந்து, பூட்டைத் தானே கழற்றி, தள்ளி நின்று, “போடலாம்!” என்று அவரே குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் காதில் விழுகிற வரை சுவிட்ச் பக்கம் யார் கையும் போகக் கூடாது. ஒரு கட்டடத்து மேனேஜர், விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள், பூட்டை உடைத்துவிட்டு லிஃப்ட்டைப் போடு என்று குதித்தாராம். அண்ணன் குழியிலிருந்து தலையை நீட்டி, “பூட்டும் என்னுது, உசுரும் என்னுது. விருந்தாளிங்களுக்குக் கால் இருக்கில்ல?” என்று கேட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். இந்தச் சட்டம் முதல் கதையிலிருந்தே நெடும்பயணியிலும் உண்டு. கப்பலில் இருப்பவர்கள் கடவுளைக் கூட மறந்துபோவார்கள், பூட்டை மறக்க மாட்டார்கள்.

போன இதழுக்கு முந்தின இதழில்தான் வினை ஆரம்பித்தது.

அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சளி என்று நினைத்து விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். அவருக்குப் பதிலாகக் குழியில் இறங்கிய ஆள் வாயே திறக்காத மனிதர். இவர் மேலே நின்று, “வெளிக்கதவு மாட்டிக்கிச்சு!” என்று கத்தியதற்கு, அவர் பயந்துபோய்க் குழியை விட்டு ஏறி ஓடி வந்துவிட்டாராம். அந்த வாரம் இவர் தனியாகவே கதையை யோசித்தார். கேள்வி கேட்க ஆளில்லை, எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்ன கதை இதுதான். வெளிக்கதவு ஒன்று பாதியில் நின்றுவிடுகிறது. கதவுக்காரர் எஞ்சின் சுவிட்சில் தன் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே போகிறார். கதவு சரியாகி மூடிக்கொள்கிறது. ஆனால் அவர் குரல் வரவில்லை. அவருடைய கைவிளக்கு மட்டும் வெளியே மிதந்து மிதந்து, சின்னப் புள்ளியாகி, மறைந்துபோகிறது. கேப்டன் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு உத்தரவு கொடுக்கிறார். கப்பல் கிளம்புகிறது.

அவ்வளவுதான், கதை முடிந்தது. இவர் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மேஜையில் வெங்காயமே இல்லை. ஆசிரியரம்மா ஃபோன் பண்ணி, “சார், ஆபீஸே அழுதுச்சு” என்றார். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

இதழ் வந்த அன்றைக்கே அண்ணனிடமிருந்து ஃபோன் வந்தது. குரல் ரம்பத்தால் தகரத்தை அறுக்கிற மாதிரி இருந்தது.

“பாப்பா, உன் வீட்டுக்காரன் என்னை வெளியே விட்டுட்டுக் கப்பலைக் கிளப்பிட்டானே, பார்த்தியா?”

“கதைதானே அண்ணே.”

“கதைதான். கதவுக்காரனுக்குக் கண்ணாடி மாட்டினான், எனக்குக் கண்ணு மங்குச்சு. அவன் கணுக்கால் பிசகுச்சு, நான் குழியில வழுக்கி விழுந்தேன். இப்ப அவன் குரல் வரல.”

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் சிரித்தேன். இவரைக் கேட்டதற்கு, “மச்சான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாரு, அதைப் பார்த்துத்தானே கண்ணாடி போட்டேன்? கணுக்கால் மட்டும் ஏன்னு தெரியல” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம்.

சளி போகவில்லை. அண்ணி பிடிவாதமாக அண்ணனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் ஒரு கட்டி இருக்கிறது என்றார். உடனே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து. கெட்ட கட்டியா இல்லையா என்பது எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். குரல் எப்படி வரும் என்பதும் பிறகுதான் தெரியும். இவ்வளவையும் நிதானமாகச் சொன்னார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “யோசிச்சுச் சொல்றேன்” என்றார்.

யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, நாளும் குறித்தாகிவிட்டது. மறுநாள் காலை அறுவை சிகிச்சை என்கிற நிலைமையில் அண்ணன் முடியாது என்றுவிட்டார். அண்ணி அழுதுகொண்டே எனக்கு ஃபோன் பண்ணினாள். நானும் இவரும் மத்தியானமே போய் நின்றோம்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையணைப் பக்கத்தில் அந்த இதழ். எங்களைப் பார்த்ததும், “வா மாப்ளே” என்றார். காற்றுதான் வந்தது, குரல் பாதிதான் வந்தது. “முதல்ல என்னைக் கப்பலுக்குள்ள கொண்டு வா. அப்புறம் அவங்க கத்தி வைக்கட்டும்.”

“மச்சான், விளையாடாதீங்க.”

“நான் விளையாடல.”

இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த ஒரு வாரமாக இவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எப்படி எப்படியோ எழுதிப் பார்த்து, எல்லாவற்றையும் கிழித்துப் போட்டிருந்தார். இப்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“வேற ஒரு கப்பல் அந்தப் பக்கமா வருது. உங்களைப் பார்த்து...”

“எந்தக் கப்பல்? இத்தனை வருஷமா ஒரு கப்பலும் கண்ணுல படல. இப்ப மட்டும் பஸ் மாதிரி வந்து நிக்குமா?”

“சரி, கேப்டன் ஒரு கனவு கண்டாருன்னு...”

“கனவுன்னு சொன்னே, கட்டிலை விட்டு இறங்கி வந்து அடிப்பேன்.”

அண்ணன் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பேச்சில் இருந்த கேலியெல்லாம் போய்விட்டது.

“மாப்ளே, எனக்குப் பயமா இருக்கு. செத்துப்போறதைப் பத்தி இல்ல. குரல் வரலன்னா என்னை எவன் குழிக்குள்ள இறக்குவான்? ‘போடலாம்’னு சொல்ல முடியாத ஆளை நம்பி மேல எவன் சுவிட்சைப் பிடிச்சிட்டு நிப்பான்? ஸ்டோர் ரூம்ல உட்கார வச்சு நட்டு போல்ட்டு பிரிக்கச் சொல்வாங்க. அதுக்கு இந்தக் குரல் எவ்வளவு நாள் இருக்கோ அவ்வளவு நாள் இருந்துட்டுப் போகட்டும்.”

இவர் அண்ணனுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வயதான இரண்டு ஆம்பிளைகள், கட்டிலில் ஒருவர், நாற்காலியில் ஒருவர், கப்பலும் இல்லை, கடலும் இல்லை, இரண்டு பேரும் கவிழ்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே அண்ணி சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

“நிறுத்துங்க ரெண்டு பேரும்!” என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். “உசுர் போற விஷயத்தைப் பேச வந்தா, ஒரு ஓட்டைக் கதையை வச்சிக்கிட்டு ஒப்பாரி வைக்கறீங்க. அதுவும் என்ன கதை? பூட்டு பூட்டுன்னு ஊரெல்லாம் வாய் கிழியப் பேசறீங்களே, கதவுக்காரர் எஞ்சின் சுவிட்ச்ல பூட்டைத் தொங்க விட்டுட்டுத்தானே வெளியே போனாரு? என் கையாலதான் டைப் பண்ணேன். பூட்டுத் தொங்கும்போது கப்பல் எப்படிங்க கிளம்புச்சு? உங்க தாத்தா வந்து பின்னாலருந்து தள்ளி விட்டாரா? இந்த லட்சணத்துல ஆபீஸே அழுதுச்சாம்!”

சரி, ஆத்திரத்தில் ஏதோ அதிகமாகப் பேசிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பூட்டு...” என்றார் இவர்.

“எஞ்சின் சுவிட்ச்லதான் போட்டேன்” என்றார் அண்ணன்.

“சாவி?”

“என் கழுத்துல.”

“வேற சாவி கிடையாது.”

“கிடையாது. உடைக்கவும் முடியாது, முதல் கதையிலயே சொல்லிட்டே.”

“அப்ப கப்பல் கிளம்பியிருக்கவே முடியாது.”

“ஆனா கிளம்பிடுச்சே மாப்ளே. அச்சுலயே வந்துடுச்சு.”

அண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருந்த பாதிக் குரலையும் திரட்டிக்கொண்டு சொன்னார்: “அப்ப நான் உள்ளதான்டா இருக்கேன்!”

அதற்கப்புறம் அந்த அறையில் நடந்ததைப் பார்த்து நர்ஸம்மா ஓடி வந்துவிட்டார். இவர் எழுந்து குதிக்கிறார். அண்ணன் சிரிக்கிறார், சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்குகிறது. அண்ணி உள்ளே வந்து என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று கேட்கிறாள், யாரும் பதில் சொல்லத் தயாராக இல்லை. இரண்டு பேரும் அதற்குள் வேலைக்கு இறங்கிவிட்டார்கள்.

“கதவு மூடறதுக்குள்ள நீங்க உள்ள வந்துட்டீங்க. வந்து பூட்டையும் கழட்டிட்டீங்க.”

“சரி. ஏன் குரல் கொடுக்கல?”

“வெளியே போன இடத்துல குரல் போயிடுச்சு மச்சான். ‘போடலாம்’னு சொல்ல வாயைத் திறக்கறீங்க, வரல. பூட்டு இல்லாததைப் பார்த்துட்டு எவனோ ஒரு அவசரக் குடுக்கை சுவிட்சைப் போட்டுட்டான்.”

“அந்தக் கேப்டன்தான். எனக்கு ஆரம்பத்துலருந்தே அவன் மேல நம்பிக்கை இல்ல. வெளியே மிதந்த விளக்கு?”

“கை தவறி விட்டுட்டீங்க.”

“நான் எந்தக் காலத்துல சாமானைக் கை தவற விட்டேன்?”

“போன வருஷம் ஸ்பானரை என் கால் மேல போட்டீங்களே!”

“அது தெரிஞ்சே போட்டது” என்றார் அண்ணன். பிறகு அண்ணியைப் பார்த்துத் திரும்பினார். “டாக்டரம்மாகிட்ட சொல்லிடு. நாளைக்குக் காலைல நான் ரெடி.”

அண்ணி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் என்ன செய்தேன்? திட்டினேன், அவ்வளவுதான். என் வாய்க்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கும் என்று யார் கண்டது?

மறுநாள் காலையில் அண்ணனை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூன்று பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். இவரால் உட்கார முடியவில்லை. எழுந்து குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தார். வீட்டுச் சமையலறையில் நடக்கிற அதே நடை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நானே ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு, “சொல்லுங்க” என்றேன்.

சொன்னார். கப்பல் கிளம்பிய குலுக்கலில் கதவுக்காரர் லிஃப்ட் பாதையில் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். மேலே எல்லோரும் அவருக்காக அழுதுகொண்டிருக்கிறார்கள். கேப்டன் உருக்கமாகப் பேசுகிறார். அத்தனையும் கதவுக்காரர் காதில் விழுகிறது, பதில் சொல்லக் குரல் இல்லை. ஸ்பானரை எடுத்து லிஃப்ட் ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் தட்டுகிறார். கேப்டன் பேச்சை நிறுத்துகிற நேரத்தில் மட்டும்தான் அது கேட்கும், ஆனால் கேப்டன் பேச்சை நிறுத்தவே மாட்டேன் என்கிறார். அண்ணிக்கே இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது, கையில் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே சிரித்தாள். கடைசியில் லிஃப்ட்டில் காய்கறிக் கூடையோடு வந்த ஒரு அம்மாள், “யாரோ தட்டறாங்க, கொஞ்சம் வாயை மூடுங்க” என்று கேப்டனை அடக்குகிறாள். கதவைத் திறக்கிறார்கள். கதவுக்காரர் நிற்கிறார். கப்பலே கூடி நிற்கிறது. அவர் வாயைத் திறக்கிறார்.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் ஒண்ணுமில்ல.”

“என்னங்க, முதல் வார்த்தை என்ன பேசினார்னு போட வேண்டாமா?”

“அதை மச்சான்தான் சொல்லணும்” என்றார். “குரல் கேக்காம நான் சுவிட்ச் போட மாட்டேன்.”

சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் என் கையை அவர் கை மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது, பார்த்தால் கெட்டதாகத் தெரியவில்லை, சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். அந்த வாரக் கடைசியில் சோதனை முடிவும் வந்தது. வெறும் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. அதைக் கேட்டபோது நான் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே ஒரு காலி மரப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். நல்ல செய்திதாங்க, நல்ல செய்திதாங்க என்று அவரிடம் சொல்லிக்கொண்டே குடித்தேன். அப்பாடா என்று எத்தனை தடவை சொன்னேனோ.

ஆனால் குரல் பாக்கி இருந்தது. டாக்டரம்மா சொல்கிற வரைக்கும் அண்ணன் வாயைத் திறக்கவே கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. வாய் ஓயாத மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? டீ வேண்டுமென்றால் டம்ளரில் ஸ்பூனால் தட்டினார். கோபம் வந்தால் கட்டில் காலில் தட்டினார். அண்ணி, “கல்யாணம் ஆனதுலருந்து இப்பதான் நான் ஒரு பேச்சை முழுசா முடிக்கறேன்” என்றாள். அண்ணன் அதற்குக் கட்டில் காலை இரண்டு தட்டுத் தட்டினார். பகலில் அப்படிச் சிரித்துப் பேசுவாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் வந்து என் தோளில் சாய்ந்து, “வருமா?” என்று கேட்பாள். வரும் அண்ணி, வரும் என்பேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

இதற்கிடையில் ஆசிரியரம்மா ஃபோன் மேல் ஃபோன். “ஒரு வரிக்காகவா சார் பக்கத்தைக் காலியா வச்சிருக்கீங்க? நானே ஏதாவது போட்டுக்கவா?”

“வேண்டாங்க. அது எங்க மச்சான் வரி.”

“அவர் நேரத்துக்குப் பேசலன்னா?”

“அப்ப கதை அடுத்த மாசம் வரட்டும். அதுக்கும் அடுத்த மாசம் வந்தாலும் பரவாயில்ல.”

இத்தனை வருஷத்தில் இவர் ஒரு தடவை கூடக் கதையைத் தாமதமாகக் கொடுத்ததில்லை. ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த விஷயத்தில் எனக்கு விமர்சனம் இல்லை.

அந்த நாளும் வந்தது. டாக்டரம்மாவின் அறை சின்னது. அண்ணன் நாற்காலியில், அண்ணி பக்கத்தில், நான் அண்ணிக்குப் பின்னால். இவருக்கு உள்ளே வர இடமில்லை, வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். டாக்டரம்மா மறுபடி கேமரா விட்டுப் பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறது என்று தலையாட்டினார்.

“மெதுவா ‘ஆ’ன்னு சொல்லுங்க.”

அண்ணன் எச்சில் விழுங்கினார். “ஆ.”

மெல்லியதாக வந்தது. ஆனால் கரகரப்பு இல்லை. அண்ணி என் கையை நெரித்தாள்.

“நல்லாருக்கு. இப்ப ஏதாவது பேசுங்க. சாதாரணமா, கஷ்டப்படாம.”

அண்ணியின் பேரைச் சொல்லுவார் என்று நான் நினைத்தேன். அண்ணியும் அப்படித்தான் நினைத்திருப்பாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றாள். அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் தாண்டி வாசற்கதவைப் பார்த்தார். இவரையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

“என் குரல் கேக்காம எவன்டா சுவிட்சைப் போட்டது?”

பழைய குரல் இல்லை. கொஞ்சம் மெலிந்திருந்தது, கொஞ்சம் இளசாகக்கூட இருந்தது. ஆனால் அண்ணனுடைய குரல்தான், அந்தத் திமிர் அப்படியே இருந்தது. டாக்டரம்மா, “மெதுவா, மெதுவா!” என்று பதறினார். அண்ணி, “இத்தனை நாள் கழிச்சுப் பேசற பேச்சைப் பாருங்க!” என்று அடிக்கப் போய், அடிக்காமல் அவர் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் வீட்டுக்காரர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நான் நின்றபடியே ஃபோனை எடுத்து அந்த வரியை அடித்து ஆசிரியரம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். ‘எவன்டா’ மரியாதையாக இல்லையே, ‘யார்’ என்று மாற்றலாமா என்று அந்த அம்மா கேட்டதற்கு, தொட்டால் கப்பலே நின்றுவிடும் என்று பதில் போட்டேன். அப்படியே அச்சில் வந்தது.

போன வாரம் அண்ணன் வேலைக்குத் திரும்பினார். அன்று சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். என்ன ஆச்சு என்றேன். வேலை முடிந்து அண்ணன் குழியை விட்டு ஏறி வந்து, பூட்டைக் கழற்றி, தள்ளி நின்று “போடலாம்!” என்று குரல் கொடுத்தாராம். இவர், “சரியாக் கேக்கல மச்சான்!” என்றாராம். அண்ணன் மறுபடி கத்தினார். “இன்னும் கொஞ்சம் சத்தமா!” என்றாராம் இவர். “காது செவிடாயிடுச்சாடா உனக்கு? போடலாம்!” என்று கட்டடமே கேட்கக் கத்தினாராம் அண்ணன்.

“ஏங்க, ஆறி வர்ற தொண்டையை இப்படியா கத்த வைப்பாங்க? நிஜமாவே கேக்கலயா?” என்றேன்.

“முதல் தடவையே நல்லாக் கேட்டுச்சு” என்றார்.